சகாப்தம் என்றால் எத்தனை ஆண்டு?

கேள்வி: ஒரு தலைவர் மறைந்தால் "ஒரு சகாப்தம் முடிந்தது" என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். இலங்கைச் செய்திகளில் "மூன்று தசாப்த கால யுத்தம்" என்று வருகிறது. அப்படியானால் சகாப்தம் என்பது எத்தனை ஆண்டு? யுகம், ஊழி, காலம் எல்லாம் அதே பொருள்தானா? மொழிபெயர்க்கும்போது எதை எங்கே போடுவது?

பதில்:

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சகாப்தத்துக்கு இத்தனை ஆண்டு என்ற கணக்கே கிடையாது. தசாப்தம் பத்தாண்டு, சதாப்தம் நூறாண்டு. அதே ஓசையில் வருவதால் சகாப்தமும் ஏதோ ஓர் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றிலும் கடைசியில் நிற்பது 'அப்தம்'. வடமொழியில் அதற்கு ஆண்டு என்று பொருள். நீரைத் தருவது என்ற பொருளில் மேகத்துக்கும் அதே சொல் உண்டு. வருஷம் என்ற சொல்லும் மழையைக் குறிப்பதுதான். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடைப்பட்டதை ஓர் ஆண்டாக எண்ணிய மக்களின் சொற்கள் இவை.

சரி, தச என்றால் பத்து, சத என்றால் நூறு. 'சக' என்றால்? அது எண் இல்லை. சகமனிதன், சகபயணி என்பதில் வரும் 'சக'வும் இல்லை. அது ஓர் இனத்தாரின் பெயர். சகர்களின் ஆண்டு, அதுதான் சகாப்தம்.

சகர்கள் நடு ஆசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒரு பிரிவினரான மேற்கு சத்திரபர்கள் குஜராத், மாளவம் பகுதிகளை ஆண்டார்கள். அவர்களுடைய கல்வெட்டுகளிலும் காசுகளிலும் ஒரு தொடர் ஆண்டு வருகிறது. அரசன் மாறினாலும் எண் ஒன்றுக்குத் திரும்பாது, தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். உருத்திரதாமனின் ஜூனாகத் கல்வெட்டில் வரும் ஆண்டு 72. அது கி.பி. 150. அப்படியே பின்னால் போனால் தொடக்கம் கி.பி. 78இல் நிற்கும். இதைக் குஷாண மன்னர் கனிஷ்கர் தொடங்கினார் என்று பாடப்புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்தோம். இப்போதைய ஆய்வுகள் கனிஷ்கர் பட்டமேறியதைக் கி.பி. 127ஐ ஒட்டி வைக்கின்றன. அதனால் சத்திரப மரபைச் சேர்ந்த சஷ்டனரோடு இந்த ஆண்டைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

சத்திரபர்கள் போன பிறகும் அவர்களின் ஆண்டு போகவில்லை. வானியலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வராகமிகிரர் தம் கணக்குக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டது சக ஆண்டு 427, அதாவது கி.பி. 505. அப்புறம் சாளுக்கியர்கள். இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டில் கவிஞர் ரவிகீர்த்தி, பாரதப் போர் முடிந்து 3735 ஆண்டு என்றும், சக மன்னர்களின் ஆண்டு 556 என்றும் இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்கிறார். கி.பி. 634. சகர்களுக்கும் புலிகேசிக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் ஆண்டைக் குறிக்க அந்தப் பெயரே கைகொடுத்திருக்கிறது. கடல் தாண்டி இந்தோனேசியாவுக்கும் கம்போடியாவுக்கும் போய், இன்றும் பாலித் தீவில் ஊரே அடங்கிக் கிடக்கும் நியெப்பி நாளாக, சக ஆண்டுப் பிறப்பாக அது வாழ்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் பொதுவாக ஆண்டு எப்படி வரும்? "கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு ஐந்தாவது" என்று வரும். அரசன் பட்டமேறி ஐந்தாவது ஆண்டு. அந்த ஊர்க்காரருக்கு அன்று அது போதும். ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்கிற நமக்குப் போதாது. பரகேசரி என்ற பட்டம் பல சோழர்களுக்கு உண்டு. யாருடைய ஐந்தாவது ஆண்டு? அது கி.பி. எத்தனை? ஆட்சியாண்டு என்பது ஒவ்வோர் அரசனோடும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் எண்ணிக்கை. தொடங்கிய இடம் தெரியாவிட்டால் அந்த எண் அந்தரத்தில் நிற்கும்.

அந்தச் சிக்கலை ஒரே வரியில் அவிழ்த்த கல்வெட்டு ஒன்று பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலையில் இருக்கிறது. சமணக் குன்று அது, பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கும். கல்வெட்டு "சகரையாண்டு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு போந்தன வரகுணற்கு யாண்டு எட்டு" என்று தொடங்குகிறது. சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி அங்கிருந்த தீர்த்தங்கரர் பார்சுவநாதர், பெண் தெய்வங்களான இயக்கியர் உருவங்களைப் புதுக்கி, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்கும் பொன் வைத்த செய்தி அது. ஆனால் வரலாற்றாசிரியர்களுக்கு அந்த முதல் வரிதான் தங்கம். 792 போந்தன, அதாவது முடிந்தன. 792ஓடு 78ஐக் கூட்டினால் 870. அது வரகுணனின் எட்டாம் ஆண்டு என்றால் அவன் பட்டமேறியது 862ஐ ஒட்டி. இரண்டாம் வரகுண பாண்டியனின் காலம் இப்படித்தான் ஊன்றி நின்றது. அவனுக்கு முன்னும் பின்னும் இருந்த அரசர்களையும், அவனோடு போரிட்ட பல்லவர்களையும் அந்த முளையில் கட்டித்தான் வரிசைப்படுத்த முடிந்தது.

இங்கே சொல்லையும் கவனியுங்கள். 'சகாப்தம்' என்று எழுதாமல் 'சகரையாண்டு' என்று எழுதியிருக்கிறார்கள். சகர் யாண்டு என்று ஆட்களைக் குறித்தே தமிழில் எழுதிவிட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அதை எழுதியவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். சகாப்தத்துக்கு நேரான தமிழ் என்ன என்று தேடுகிறவர்கள் ஐவர்மலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

விசயநகரக் காலத்துக்கு வந்தால் சகாப்தம் என்ற சொல்லே நிறைய வரும். கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழே இருக்கும் அடிப்பீடத்தில், சாக்பீஸைப் பொடித்து எழுத்தின் மேல் தடவிப் பார்த்தால், "சகாப்தம் ௲௪௱௩௰௫ இதன் மேல் செல்லாநின்ற ஸ்ரீமுக வருஷம்" என்பது போன்ற தொடக்கம் தெரியும். ௲ ஆயிரம், ௪௱ நானூறு, ௩௰ முப்பது, ௫ ஐந்து. ஆக 1435. என்னோடு கல்வெட்டுப் படிக்க வரும் இளைஞர்கள் பெரும்பாலும் தடுக்கி நிற்கிற இடம் எண் இல்லை, 'செல்லாநின்ற' என்ற சொல். செல்லாக் காசு என்பது போல, செல்லாத ஆண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது நேர் எதிர். ஆநின்று, கின்று, கிறு மூன்றையும் நிகழ்கால இடைநிலைகள் என்று நன்னூல் ஒரே சூத்திரத்தில் சொல்கிறது. செல்லாநின்ற என்றால் செல்கின்ற. சகாப்தம் 1435 முடிந்து, அதன் மேல் இப்போது நடக்கிற ஸ்ரீமுக வருஷம் என்பதுதான் பொருள்.

எண் ஒன்று, பெயர் ஒன்று என்று இரண்டையும் ஏன் வெட்டினார்கள்? அறுபது ஆண்டுச் சுழற்சிக்கு நினைவு அதிகம், தூரம் குறைவு. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா பாட்டி சொன்ன பஞ்சம் 1876இல் தொடங்கியது. ஆனால் தாது வருஷம் 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. வெறும் பெயரை எழுதி வைத்தால் எந்தத் தாது என்று தெரியாது. வெறும் எண்ணை எழுதினால், கல் உடைந்துபோனால் எல்லாம் போச்சு. இரண்டும் இருந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். கணக்கு எளிது. முடிந்த சக ஆண்டோடு 12ஐக் கூட்டி 60ஆல் வகுத்தால் மீதி வருவது பிரபவ தொடங்கி எண்ணும் வரிசை எண். 1435உம் 12உம் 1447, அறுபதால் வகுத்தால் மீதி 7. பிரபவ, விபவ, சுக்ல, பிரமோதூத, பிரஜோத்பத்தி, ஆங்கிரச, ஸ்ரீமுக. ஏழாவது ஸ்ரீமுக. கல்வெட்டு சரியாகச் சொல்கிறது, ஆண்டு கி.பி. 1513-14. ஒருவேளை ஆயிரத்து நானூறு வரை தெரிந்து மிச்சம் சிமெண்டுப் பூச்சுக்குள் போயிருந்தாலும், ஸ்ரீமுக என்ற பெயர் இருந்தால் போதும். 1435 அல்லது 1495, இரண்டில் ஒன்று. அரசன் பெயர் தெரிந்தால் அதுவும் தீர்ந்தது.

இந்தக் காலத்தில்தான் பொருள் நழுவத் தொடங்குகிறது. பிற்காலச் செப்பேடுகளிலும் பத்திரங்களிலும் 'சாலிவாகன சகாப்தம்' என்று எழுதினார்கள். சகர்களை வென்றவர் சாலிவாகனர் என்பது கதை. அப்படியானால் சாலிவாகன சகாப்தம் என்ற தொடருக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால், சகர்களை வென்றவரின் சகர் ஆண்டு! விக்கிரமாதித்தனுக்கும் சகர்களின் பகைவன் என்றே பெயர், ஆனால் கி.மு. 57இல் தொடங்கும் அவன் பெயரிலான ஆண்டையும் விக்கிரம சகாப்தம் என்கிறோம். அதாவது சகர் யார் என்பதே மறந்து, சகாப்தம் என்றால் 'ஒருவர் பெயரால் எண்ணப்படும் தொடர் ஆண்டு' என்று ஆகிவிட்டது. எந்த நகல் கடையையும் ஜெராக்ஸ் கடை என்று சொல்வது போல. மராத்தியில் இது இன்னும் வெளிப்படை. 1674இல் முடிசூடிய சிவாஜி புது ஆண்டுக் கணக்கு தொடங்கினார். அதற்கு 'ராஜ்யாபிஷேக சகம்' என்று பெயர். அங்கே சகம் என்றாலே ஆண்டுத்தொடர்தான்.

அங்கிருந்து இன்றைய பொருளுக்கு ஒரே எட்டு. ஒருவர் பெயரால் ஆண்டு எண்ணத் தொடங்குகிறார்கள் என்றால், அவரோடு ஏதோ புதிதாகத் தொடங்கியது என்றுதானே பொருள்? அப்படித்தான் ஒருவரால் தொடங்கிய, அவர் முத்திரை பதித்த காலம் முழுவதும் அவருடைய சகாப்தம் ஆனது. "சகாப்தம் படைத்தார்" என்ற தொடரில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவருக்கு முன், அவருக்குப் பின் என்று எண்ண வைத்தவர் என்று அர்த்தம். அதனால்தான் கண்டவருக்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடும்போது எனக்கு உறுத்துகிறது. ஐந்தாண்டு பதவியில் இருந்தவரின் காலம் ஒரு பதவிக்காலம், அவ்வளவுதான். அவருக்குப் பிறகு அந்தத் துறையில் கணக்கே மாறியதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் சொல்லும் பிழைக்கும், அவருக்கும் மரியாதை.

யுகம் வேறு. யுக என்ற வடசொல் நுகத்தடியையும் குறிக்கும். இரண்டை இணைப்பது என்ற வேர்ப்பொருள் அது. பழைய வானியலில், சூரியனும் சந்திரனும் மறுபடி ஒரே கணக்கில் வந்து சேர ஆகும் ஐந்தாண்டைத்தான் யுகம் என்று வைத்தார்கள். வேதாங்க ஜோதிடத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. பிறகு புராணங்களில் அது பெருகி, கலியுகம் 4,32,000 ஆண்டு, துவாபரம் அதன் இரண்டு மடங்கு, திரேதம் மூன்று மடங்கு, கிருதம் நான்கு மடங்கு என்று நின்றது. நான்கும் சேர்ந்தால் 43,20,000. ஆக யுகத்துக்கு எண்ணிக்கை உண்டு, சகாப்தத்துக்கு இல்லை. கலி தொடங்கியது கி.மு. 3102 என்பது மரபுக் கணக்கு. அதைக் கல்வெட்டிலும் பயன்படுத்தினார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில், முதலாம் பராந்தக சோழனின் 36ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கலி ஆண்டு 4044 என்று சொன்னதோடு நிற்காமல், கலி பிறந்து 14,77,037 நாள் என்று நாளையே எண்ணிக் கொடுக்கிறது. கணக்குப் போட்டால் கி.பி. 943 ஜனவரியில் வந்து விழுகிறது. அந்த எண்ணை முதலில் படித்தபோது நான் நோட்டில் மூன்று முறை வகுத்துப் பார்த்தேன், பிசகவே இல்லை.

இப்போது 'கணினி யுகம்', 'அணு யுகம்' என்கிறோம். இது உலகம் முழுவதையும் மாற்றிய ஒன்றுக்குப் பொருந்தும். ரஷ்யப் புரட்சியைப் பாரதி யுகப்புரட்சி என்று பாடியது அதனால்தான். கலி விழுந்து கிருத யுகம் எழுகிறது என்ற பழைய அடுக்கையே அவர் அங்கே எடுத்து வைத்தார். ஒரு மனிதரின் பெயரோடு சகாப்தம் ஒட்டும். யுகம் ஒரு கருவியோடும் கருத்தோடும் ஒட்டும். தமிழ்க் காதுக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே தெரியும். 'கணினி சகாப்தம்' என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ இடறும்.

ஊழி நம் சொல். மிக நீண்ட காலம் என்றும், உலகம் அழிந்து புதிதாகும் எல்லை என்றும் இரண்டு பொருள் அதற்கு. "ஊழி பெயரினும் தாம்பெயரார்" என்று குறள் சான்றோரைச் சொல்லும்போது அந்த எல்லையைத்தான் சொல்கிறது. வரலாற்றுக் காலங்களுக்கு இதைப் போட வேண்டாம். புவியின் கோடிக்கணக்கான ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது கம்பீரமாக வந்து உட்காரும்.

மீதி எல்லாவற்றுக்கும் 'காலம்' போதும். சங்க காலம், சோழர் காலம், பழைய கற்காலம், இரும்புக் காலம். 'பெருங்கற்காலம்' மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்பவை கருவியை வைத்து வந்த பெயர்கள். பெருங்கற்காலம் கருவியால் வந்த பெயர் இல்லை. இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பெரிய கற்களை நட்டும் அடுக்கியும் வைத்த வழக்கத்தால் வந்தது, அந்த மக்கள் கையில் இரும்பு இருந்தது. பெரிய கல்லாயுதம் செய்தவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு காலத்துக்குள் ஒரு பகுதியைச் சொல்ல 'காலகட்டம்'. பத்தாண்டு என்பதை இலங்கையில் தசாப்தம் என்றே எழுதுகிறார்கள், அங்கே அது இயல்பான சொல். தமிழ்நாட்டு வாசகருக்குப் பத்தாண்டு என்றே எழுதுங்கள். சகாப்தத்தோடு குழம்பும் இந்தக் கேள்வியே எழாது.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று எப்படி அடங்கும் என்பதை, கோயிலில் அர்ச்சகர் சங்கல்பம் சொல்லும்போது கேட்கலாம். கல்பே, மன்வந்தரே, கலியுகே, சகாப்தே, சம்வத்சரே என்று தொடங்கி அயனம், ருது, மாதம், பட்சம், திதி வரை ஒரே மூச்சில் இறங்கி வருவார். முகவரியைத் தலைகீழாக, நாட்டிலிருந்து வீட்டு எண்ணுக்கு வருவது போல. அதில் புராணக் கணக்கு முடிந்து மனிதக் கணக்கு தொடங்குகிற இடம் 'சகாப்தே'. 'வ்யாவஹாரிகே', அதாவது நடைமுறை வழக்கில் உள்ள, என்றும் அங்கே சேர்த்துச் சொல்வார்கள்.

பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் பிறந்த விசுவாவசு ஆண்டுக்குச் சாலிவாகன சகாப்தம் 1947. அதே ஆண்டு ஆவணியில் கொல்லம் 1201 பிறந்தது, கி.பி. 825இல் தொடங்கிய அந்தக் கணக்கைத் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் பழைய பத்திரங்களில் நிறையப் பார்க்கலாம். ஜூலை 1இல் பசலி 1435 பிறந்தது. பசலி அக்பர் காலத்தில் வரி வசூலுக்காக வந்த அறுவடை ஆண்டு, தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் இன்றும் அதுதான். திருவள்ளுவர் ஆண்டு வேண்டுமா, கி.பி.யோடு 31ஐக் கூட்டுங்கள், 2056. மேக்நாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு தேசிய ஆண்டாக ஏற்றதும் சக ஆண்டுதான். இவை ஒவ்வொன்றும் சொல்லின் சரியான பொருளில் ஒரு சகாப்தம். எங்கிருந்தோ எண்ணத் தொடங்கி இன்னும் நிறுத்தாதவை.

மொழிபெயர்ப்புக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் விக்டோரியா அரசி ஆண்டதை 'விக்டோரியா காலம்' என்றால் போதும், அங்கே ஆண்டு எண்ணிக்கை கி.பி.யாகவே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1792 செப்டம்பர் 22ஐ முதல் ஆண்டின் முதல் நாளாக வைத்துப் புதிதாக எண்ணத் தொடங்கினார்களே, அது 'குடியரசு சகாப்தம்'. 1806 பிறந்தபோது அந்தக் கணக்கை நிறுத்திவிட்டார்கள், அந்தச் சகாப்தம் உண்மையாகவே முடிந்தது. ஜப்பானில் பேரரசர் மாறினால் ஆண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், நம் சோழர் கல்வெட்டில் யாண்டு தொடங்குவது போலவே. 2019 மே 1 அங்கே ரெய்வா முதல் ஆண்டின் தொடக்கம். தனிப் பெயரோடு புதிதாக எண்ணத் தொடங்கிய கணக்கு என்பதால் அதை 'ரெய்வா சகாப்தம்' என்று தயங்காமல் எழுதுங்கள்.